எட்டாவது மாலை

பொம்மர்காரனுக்கு நான் மாலை கட்டுவேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், கையிலிருக்கும் கத்தரிக்கோலைக் காட்டி, "விசரே உமக்கு? போம் அங்காலை" என்று கலைத்திருப்பேன். ஆனால் ஏழு பேருக்குக் கட்டினேன். எட்டாவதாகவும் ஒன்று கட்டினேன். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டு போடும் விமானத்துக்கு எங்கள் ஊரில் பொம்மர் என்று பெயர். அப்பா சங்கக்கடை மனேஜர், கூட்டுறவுச் சங்கத்தின் கடை. ஒரு நாள் மத்தியானம் பொம்மர் சத்தம் கேட்டதும், மா வாங்க வந்து நின்ற சனத்தையெல்லாம் பக்கத்து வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டப் போனார். ஊருக்குப் பங்கிட வேண்டிய அரிசியல்லவா உள்ளே இருந்தது. பூட்டினாரோ இல்லையோ தெரியாது. கடையும் இல்லை, அப்பாவும் இல்லை. ஊரே ஓடிக்கொண்டிருந்ததால் அன்று பின்னேரமே எரித்துவிட்டார்கள். பந்தல் இல்லை, பறை இல்லை, ஒரு முழப் பூ இல்லை. எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டு வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஊரில் எந்தச் செத்தவீடு என்றாலும் முன்னுக்கு நின்று நடத்திக்கொடுத்த மனிதர் மாலையில்லாமல் அந்தப் படலையைத் தாண்டிப் போனார். அது எனக்கு ஆறவேயில்லை.

அதனால்தான் நான் பாரிசில் பூக்கடை வைத்தேன் என்று சொன்னால் கேட்க வடிவாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. பாரிசின் லா ஷாப்பெலில் எங்கள் சனத்தின் கடைத்தெரு ரூ காய். அங்கே புடவை வாங்கலாம், மரக்கறி வாங்கலாம், கொத்து ரொட்டி தின்னலாம். கலியாணத்துக்கு உருப்படியான ஒரு மாலைக்கு மட்டும் லண்டனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. எனக்கு மாலை கட்ட வரும், அவ்வளவுதான். 2010ஆம் ஆண்டு ஐப்பசியில், ரூ காயிலிருந்து திரும்பும் ஒரு சந்தில், சின்னதாக ஒரு கடையைத் திறந்தேன்.

திறந்த அன்றே ஒரு கூத்து நடந்தது. மொத்தச் சந்தையில் அந்த வாரம் செவ்வந்தி குவிந்து கிடந்தது. ஆகா, நல்ல சகுனம் என்று அள்ளிக்கொண்டு வந்து, வாசல் முழுக்கச் செவ்வந்திச் சரமாகத் தொங்கவிட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றினேன். பட்டுச்சேலையும் நானுமாக வாசலில் நிற்கிறேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தெருவைக் கடந்து வந்தார், கையுறையைக் கழற்றினார், என் கையைப் பிடித்துக்கொண்டு ஆழ்ந்த அனுதாபங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை திறந்த நாளிலே அனுதாபமோ?

அந்த மதாமோடு நான் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார், அப்படியே எழுதுகிறேன்.

"ஆர் செத்தது?" என்றார்.

"ஒருத்தரும் சாகேல்லை. கடை திறக்கிறன்."

"செவ்வந்தி தொங்குதே? இஞ்சை அது கல்லறைக்கு மட்டும்தான் வைக்கிற பூ."

"எங்களுக்கு அது சாமிக்கும்தான், கலியாணத்துக்கும்தான், செத்தவைக்கும்தான். பூவுக்கு என்ன தெரியும், ஆர் கழுத்து எண்டு?"

மதாம் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, தெருவே திரும்பிப் பார்த்தது. நான் கொடுத்த கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, கடை நல்லா வரும் என்று வாழ்த்திவிட்டுத்தான் போனார். வரத்தான் செய்தது.

அவர் நான் குடியிருக்கும் சார்செலுக்கும் அப்பால், வடக்கே ஒரு சின்னக் கிராமத்தில் தனியாக இருந்தார். பாரிசுக்கு ஆஸ்பத்திரி வேலையாக வந்தால் என் கடைக்கும் வருவார். என் மேசையருகே கிடக்கும் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து ரெஸ்தோறனில் என் மனுசன் சுடும் வடையைத் தின்றபடி, மாலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உறைப்பில் மூக்கு வழியும். உறைக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவார். பிள்ளையார் தேருக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன். தேரை விட்டுவிட்டு, என் மாலைகளைத்தான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

2014இல், வசந்தம் தொடங்கியபோது, அவர் வந்து ஏழு மாலை வேண்டும் என்றார். பெரியது, சாமிக்குப் போடுகிற மாதிரி, இடுப்பளவு. நான் எதற்கென்று கேட்காமலே, "ஓம், ஓம், செய்து தாறன்" என்றுவிட்டேன். பிறகுதான் கேட்டேன், ஆருக்குக் கலியாணம் என்று.

"கலியாணம் இல்லை. எங்கட ஊர்ச் சேமக்காலைக் கல்லறையளில ஏழு பெடியள் கிடக்கிறாங்கள். யுத்த நேரம் விமானம் எரிஞ்சு எங்கட கிழங்குத் தோட்டத்துக்குள்ள விழுந்தது. எழுபது வருசமாகுது. ஆனியில அவையளின்ர சொந்தக்காரர் கடல் கடந்து வருகினம். இந்த வருசம் பிளாஸ்டிக் பூ வேண்டாம், உங்கட மாலைதான் வேணும்."

"என்ன விமானம்?"

சொன்னார். பிரெஞ்சுச் சொல் வேறு. ஆனால் எனக்கு விளங்காமலா? பொம்மர். நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்ன, எறிந்தேன்.

"என்ர அப்பாவைக் கொன்றது பொம்மர். மேல நிண்டு போடுறவனுக்குக் கீழ ஆர் நிக்கினம் எண்டு தெரியுமோ? என்ர அப்பாவுக்கு ஒரு பூ கிடைக்கேல்லை. பொம்மருக்குள்ள இருந்தவனுக்கு நான் மாலை கட்டோணுமோ? ஏலாது. வேற கடை பாருங்கோ."

மதாம் பாதி வடையைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் மனுசன் வந்து அந்தப் பாதி வடையைக் கண்டு, என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன்.

"நீர் கோபப்பட்டது சரி. ஆனா, ஓம் எண்டு வாக்கும் குடுத்திட்டீரே?"

"ஆருக்கு எண்டு தெரியாமக் குடுத்த வாக்கு."

"அப்ப, பூவுக்கு என்ன தெரியும் எண்டு நீர் அண்டைக்குச் சொன்னது?" என்றார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என் வாயை அடைத்தது அன்று மட்டும்தான்.

அடுத்த தடவை மதாம் வந்தபோது ஸ்டூலில் ஏறவில்லை. கோட்டை எடும், ஒரு இடம் காட்ட வேணும் என்று கட்டளை மாதிரிச் சொன்னார். ரயில் பாதைகளுக்கு மேலே போகும் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சார்செல் ரயில் பிடிக்க அவசரப்பட்டு ஓடும் வழிதான். கீழே தண்டவாளங்கள் கிடந்தன. அவர் அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தைக் காட்டினார். அது பழைய கட்டடமல்ல.

"அதில ஒரு வீடு இருந்தது. எங்கட வீடு. அந்த வசந்தத்தில இந்தத் தண்டவாளத்தை உடைக்கத்தான் பொம்மர்கள் வந்தவை. ஜெர்மன்காரனிட்ட இருந்து எங்களை மீட்க வந்தவையள்தான். ஆனா குண்டு எங்களுக்கு மேலதான் விழுந்தது. என்ர அண்ணா அங்கதான் செத்தவர்."

லா ஷாப்பெலுக்கு மேல் குண்டு விழுந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் இந்தத் தெருவில் பூ விற்கிறேன், எனக்குத் தெரியாது. நான் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. என்னைக் கிராமத்துக்கு அனுப்பிச்சினம். கொஞ்ச நாளால அங்க ஒரு பொம்மர் எரிஞ்சு விழுந்தது. நான் கை தட்டினன். அடுத்த நாள் அதுக்குள்ள இருந்த ஏழு பேரையும் ஊர்ச்சனம் குழி வெட்டித் தாட்டது. நான் எட்டிப் பார்த்தன். ஒருத்தனுக்குச் சப்பாத்து இல்லை. காலுறையில ஒரு ஓட்டையை ஆரோ தைச்சு விட்டிருந்தினம், வேற நிற நூலால. அம்மாவாத்தான் இருக்கும். அண்டு தொடக்கம் பூ வைக்கிறன்."

"மன்னிச்சிட்டீங்களோ?"

"இல்லை. கோபத்தோடதான் வைக்கிறன். கோபத்தோட வைக்கக் கூடாது எண்டு எவன் சொன்னவன்?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்களுக்கு மேல பறந்தவங்கள் உங்களை மீட்க வந்தவங்கள். எங்கட தலைக்கு மேல வந்தவன் அப்படி வரேல்லை. ரெண்டும் ஒண்டில்லை" என்றேன்.

"ஒண்டில்லைத்தான். அவனுக்கு நான் மாலை கேக்கேல்லையே. இந்த ஏழு பேருக்குத்தான் கேக்கிறன்," என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு இரண்டும் வந்திருக்கிறது, எனக்கு வர முன்னமே.

கட்டினேன். சும்மா கட்டவில்லை, கோபத்தோடேயே கட்டினேன், ஆனால் ஒரு முடிச்சுத் தளரவிடவில்லை. வெள்ளைச் செவ்வந்தியும் மஞ்சள் செவ்வந்தியும் அடுக்கி, இடையிடையே சிவப்பு ரோசா வைத்து, கீழே குஞ்சம் விட்டேன். மாப்பிள்ளை மாலை தோற்றுப்போகும். பிள்ளையார் கோயில் ஐயர் கடைக்கு வந்தவர், எந்தச் சாமிக்கு இவ்வளவு வடிவாக என்று கேட்டார். "ஏழு சாமி ஐயா, உங்களுக்குத் தெரியாது" என்றேன். எனக்கே என்னில் பெருமையாக இருந்தது. ஏழு முடிந்தது. பூ மிச்சம் இருந்தது. கை நிற்கவில்லை.

மனுசன் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றும்போது நின்று பார்த்தார். "ஏழு எண்டெல்லோ சொன்னனீர்?"

"எட்டு."

அவர் எட்டாவது பெட்டியை வெயில் படாமல் முன் சீற்றுக்குக் கீழே வைத்தார். நான் உடுத்தியிருந்த காஞ்சிபுரத்தைப் பார்த்து மட்டும், "செத்தவீட்டுக்குப் பட்டோ?" என்றார். இது செத்தவீடில்லை என்றேன். சார்செல், கார்ஜ் எல்லாம் தாண்டி, கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தோம்.

ஊர்ச் சனம் முழுக்க வந்திருந்தது. மார்பில் பதக்கம் குத்திய கிழவர்கள் கொடி பிடித்து வரிசையாக நின்றார்கள். கடல் கடந்து வந்த சொந்தக்காரர்களும் நின்றார்கள். அதில் ஒரு பெரியவர், நான் நீட்டிய மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, கைகூப்பி நன்றி சொன்னார். ஐயோ கடவுளே! மதாமுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் மெல்லக் கழற்றி, அவருடைய சித்தப்பாவின் கல்லைக் காட்டினேன். அவர் குனிந்து போட்டார், போட்டுவிட்டு அழுதார். இருபத்தொரு வயதுப் பெடியன் என்று கல்லில் இருந்தது. ஏழு வெள்ளைக் கல்லும் என் மாலையோடு நின்ற வடிவை என்னவென்று சொல்வேன். அந்த ஊரில் அப்படியொரு அலங்காரத்தை ஒருவரும் கண்டதில்லை.

மேயர் ஏழு பெயரையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கொடிகள் தாழ்ந்து நிமிர்ந்தன. முடிந்தது என்று நினைத்தபோது, மதாம் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அது ஆருக்கு?"

"என்ர அப்பாவுக்கு. அவருக்கு இஞ்சை கல் இல்லை. சும்மா கொண்டு வந்தனான்," என்றேன்.

மதாம் தடியை ஊன்றிக்கொண்டு மேயரிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னார். மேயர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "மதாம், உங்கட அப்பான்ர பெயர் என்ன?"

சொன்னேன். பாட்டனார் பெயரோடு, ஊர்ப் பெயரோடு, முழுதாகச் சொன்னேன். அவர் நா அதில் புரளவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றார், சொன்னேன். மூன்றாம் தரம் அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பி, உரத்து, சரியாகச் சொன்னார். கொடிகள் தாழ்ந்தன. அந்தக் கிழவர்கள் எல்லோரும், ஏழு பேருக்கும் எப்படித் தாழ்த்தினார்களோ அப்படியே, என் அப்பாவுக்கும் தாழ்த்தினார்கள். ஒருவன் எக்காளம் ஊதினான். என் மனுசன் தொப்பியைக் கழற்றினார்.

மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். மதாம் சேமக்காலையின் இரும்புப் படலையைக் காட்டினார். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தாண்ட வேண்டிய படலை. அதில் போட்டேன். அன்று எங்கள் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெட்டை, இந்தப் படலையில் தன் கையாலேயே அப்பாவுக்கு மாலை போட்டாள்.

மதாம் இப்போது இல்லை. அவருக்கும் செவ்வந்தி மாலைதான் போட்டேன், இந்த முறை அனுதாபம் சொல்ல வேண்டியது நான். ஒவ்வொரு ஆனியிலும் எட்டு மாலை அந்த ஊருக்குப் போகிறது. எட்டாவது யாருக்கு என்று இப்போது அங்கே ஒருவரும் கேட்பதில்லை. மேயர் அப்பாவின் பெயரைத் தாளைப் பார்க்காமலே சொல்கிறார்.