மாடி ஓட்டல் கறிதோசையும் பசுமலை வேனும்

வாய வச்சுப் பொழைக்கிறவனுக்கு ஒரே ஒரு நட்டம், அந்த வாயிக்குத் திங்க நேரமே கெடைக்காது.

எம்பேரு மாரி, மைக்கு ஆட்டோ மாரின்னாத்தேன் ஊருக்குத் தெரியும். ஆட்டோ மண்டையில ரெண்டு குழாயக் கட்டிக்கிட்டு, ஜவுளிக்கடை தள்ளுபடி, கண்ணு பாக்குற முகாமு, காணாமப் போன நாயி, எது சொன்னாலும் கத்துறவன். கத்திப் பொழைக்கிற அண்ணமாரே, கண்டக்டருமாரே, தள்ளுவண்டி அக்காமாரே, படுக்கப் போகயில உப்புத்தண்ணி கொப்பளிக்கிற அம்புட்டுப் பேரும் கிட்ட வாங்க. இது உங்களுக்குத்தேன் புரியும்.

பசுமலைப் பக்கம் நடக்க முடியாத பிள்ளைகளுக்குன்னு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கு. சேகர் சாருன்னு ஒருத்தரு நடத்துறாரு. பிள்ளைகளக் கூட்டிட்டு வர ஒரு வேன் வாங்கணும். பழைய வேன் ஒண்ணு பாத்து வச்சிருந்தாரு. நன்கொடை குடுக்குறவுகளுக்கு ஒரு சீட்டு, ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை குலுக்கல், பரிசு பூராம் ஊர்க் கடைக்காரக குடுத்த சாப்பாடு. பருத்திப்பாலு, பன் பரோட்டா, ஜிகர்தண்டா. மொதப் பரிசு, காளவாசல் தங்கராசு அண்ணே மாடி ஓட்டல்ல குடும்பத்தோட கறிதோசை விருந்து. இதக் கத்துறதுக்கு என்னையப் புடிச்சாக.

பழங்காநத்தத்துல இட்லி மாவு அரைச்சு விக்கிற பாண்டியம்மா அக்காவ எனக்குத் தெரியும். அவுக மக கார்த்திகாவுக்குப் பதிமூணு வயசு. காலு ரெண்டும் நடக்காது, அதுக்கும் சேத்து வாயி ஓடும். தெனமும் அக்கா அதை இடுப்புல தூக்கி பஸ்ஸுல ஏத்தி எறக்கி, முதுகு போச்சு. இனிமேத் தூக்குனா நீ படுத்துருவன்னு டாக்டரு சொல்லிட்டாரு. பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள வேன் வரலைன்னா கார்த்திகா வீட்டோடதேன். நான் மொத நாளு கெளம்பயில வாசல்ல உக்காந்து சொல்லுச்சு: "நல்லாக் கத்துண்ணே, இல்லைன்னா காலம் பூராம் நான் மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடணும்."

சேகர் சாரு எழுதுன தமிழு

சாரு ஒரு தாளு குடுத்தாரு. "பெருந்தன்மை மிக்க பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு"ன்னு ஆரம்பிக்கும். நான் அஞ்சாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆட்டோ ரெண்டு தெரு தாண்டிரும்.

பழங்காநத்தத்துல ஒரு தெருவுக்குள்ள போனேன். அன்பான அறிவிப்புன்னதும் பொம்பளைக பூராம் வெளிய வந்து எட்டிப் பாத்தாக, விருட்டுன்னு உள்ள போயிட்டாக. சீட்டு வாங்கக் காசு எடுக்கப் போறாகன்னு நான் வண்டிய ஓரங்கட்டி நின்னேன். பாத்தா, தெருவுல அம்புட்டு மோட்டாரும் ஓடுது, தொட்டிக்குத் தண்ணி ஏறுது. டீக்கடை மாஸ்டர் மட்டும் என்கிட்ட வந்து கேட்டாரு: "கரண்டு எத்தன மணிக்குண்ணே திரும்ப வரும்?"

பச்சை விழுந்தும் நகராத சிக்னலு

ஒரு வாரம் இப்படியே போச்சு. ஒரு மத்தியானம் காளவாசல் சிக்னல்ல நிக்கிறேன். வெயிலு மண்டையப் பொளக்குது. எனக்குச் சர்க்கர இருக்கு, கொழுப்பும் இருக்கு. ஒடம்புல சொல்றேன், வாயில இருக்குற கொழுப்பு வேற. டாக்டரம்மா எண்ணெயப் பாக்கவே கூடாதுன்னுட்டாக. காலையில குடிச்ச கேப்பக் கூழு கரைஞ்சு போச்சு. மேல மாடியில தங்கராசு அண்ணே கடையில கல்லுல என்னமோ விழுகுற வாசம். நான் சாரு தாள மடிச்சு சட்டைப் பையில வச்சேன். கண்ண மூடுனேன். மைக்கு கையில இருக்குங்கிறதே மறந்து போச்சு.

"கல்லு காயுது சாமி... மாவ ஊத்துறாரு, தடிமனா, மெத்தை மாதிரி. அது மேல முட்டைய ஒடைச்சு ஊத்தி ஒரு தேய்ப்பு. அதுக்கு மேல கொத்துக்கறி, மெளகு போட்டுச் சுண்ட வதக்குனது, அள்ளி அள்ளித் தூவுறாரு. அம்புட்டையும் ஒரே திருப்பு! ஓரம் மொறுமொறுங்குது, நடுவுல பஞ்சு. எம்புட்டு அகலம்ங்கிறீக? மாட்டு வண்டிச் சக்கரம்! இந்தப் பக்கம் பிச்சா அந்தப் பக்கம் ஆவி பறக்குது..." கண்ணத் தொறந்து பாத்தா, பச்சை விழுந்து கெடக்கு, ஒருத்தனும் நகரல. பஸ் டிரைவரு கியருல கைய வச்சபடி அப்படியே ஒக்காந்திருக்காரு. ஹெல்மெட்டு போட்ட ஒருத்தன் கண்ண மூடித் தலையத் தலைய ஆட்டுறான். வெயிலு கூடக் கொஞ்சம் நெழலா மாறுன மாதிரி இருந்துச்சு. அம்புட்டுப் பெரிய காளவாசல்ல ஒரு ஹாரன் சத்தம் இல்ல. ஸ்கூட்டியில இருந்த ஒரு அக்கா முழிச்சுக்கிட்டு என்கிட்ட ரூவாய நீட்டுச்சு: "ஏப்பா, ரெண்டு சீட்டு குடு, வீட்டுல ரசம் வச்சுட்டு வந்தேன், இனிமே அதை எப்படித் திங்கிறது?"

ஏட்டய்யா

அதுக்கப்புறம் சீட்டு பறந்துச்சு. பறந்தது ஏட்டய்யா கண்ணுலயும் பட்டுச்சு. ரவுண்டானாகிட்ட வண்டிய நிப்பாட்டி, "லாட்டரியா விக்கிற?"ன்னு மைக்கப் புடுங்கிட்டாரு. "லாட்டரி இல்லய்யா, தோசை"ன்னேன். "தோசைக்கு எதுக்குடா சீட்டு?"ன்னாரு. அய்யா அய்யான்னு கெஞ்சுனேன். எனக்காக இல்ல, நமக்கென்ன, நாளைக்கு நாயி காணாமப் போனா மறுபடியும் கூப்புடுவாக. பாண்டியம்மா அக்கா முதுகு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

போன் போட்டதும் சேகர் சாரு பள்ளிக்கூடத்துப் பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டு வாரேன்னாரு. வர்ற வரைக்கும் ஏட்டய்யாவும் நானும் மரத்தடியில ஒக்காந்திருந்தோம். அவரு கொட்டாவி விட்டாரு. "எந்தக் கடைத் தோசைடா?"ன்னாரு. நான் மைக்கு இல்லாம, காதுகிட்டக் குசுகுசுன்னு சொன்னேன். கல்லு, மாவு, முட்டை, கறி, சக்கரம். அவரு தொப்பிய மடியில வச்சுக்கிட்டு மரத்துல சாஞ்சாரு. கண்ணு சொருகிருச்சு, ஒதட்டுல லேசாச் சிரிப்பு. சாரு வந்து, இது நன்கொடை ரசீதுதேன், பரிசு கடைக்காரக நன்றிக்குக் குடுக்குறதுன்னு வெளக்கிச் சொன்னாரு. ஏட்டய்யா பேப்பர ஒழுங்கா வாசிச்சுப் பாத்துட்டு மைக்கத் திருப்பிக் குடுத்தாரு: "போ, ஆனா என் பீட்டுல சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி அந்தத் தோசையப் பேசாத, டூட்டி பாக்க முடியல."

குடும்பம்னா

மொதக் குலுக்கல்ல மொதப் பரிசு செக்கானூரணிப் பக்கத்துச் சம்சாரி ஒருத்தருக்கு விழுந்துச்சு. தங்கராசு அண்ணே நாலு எலை போட்டு வாசல்ல நின்னாரு. ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்னுச்சு. பின்னாடி கதவத் தொறந்தா ஆளு எறங்குது, எறங்குது, எறங்கிக்கிட்டே இருக்கு. அண்ணே மொகம் தோசைக்கல்லு மாதிரி ஆகிருச்சு. "குடும்பம்னா ஒரு நாலு பேருன்னு நெனச்சேன்"னு இழுத்தாரு. சம்சாரி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னாரு: "நாலு பேருதேங்க, நாங்க அண்ணந்தம்பி நாலு பேரு, மத்ததெல்லாம் நாங்க கட்டுனதும் பெத்ததும்."

தின்னா தீந்துரும்

அதுக்குப் பெறகு நடந்ததுதேன் அதிசயம். பரிசு விழுந்தவுக ஒருத்தரும் சாப்பிட வரல. ஜிகர்தண்டாக்காரரு ஐசு போட்டுக் காத்திருக்காரு, பரோட்டாக்காரரு மாவு பெசஞ்சு காத்திருக்காரு, ஆளக் காணாம். தங்கராசு அண்ணேக்கு ரோசம் வந்துருச்சு. "என் கடைச் சாப்பாடுன்னா எளக்காரமாடா மாப்ள? போயி என்னன்னு கேட்டுட்டு வா"ன்னு வெரட்டுனாரு.

ரெண்டாவது வாரம் மொதப் பரிசு வாங்குனவரு பழங்காநத்தத்து டெய்லர் சுப்பையா அண்ணே. நான் போனப்ப மத்தியானம். மிஷினு நின்னுருச்சு, பேன் மட்டும் மெல்ல சுத்துது, வெட்டுன துணித் துண்டெல்லாம் தரையில பூவாட்டம் நகருது. அண்ணே தூக்குச்சட்டியில தயிர்ச்சோறு வச்சிருக்காரு. செவத்துல சாமி படத்துக்குக் கீழ, பரிசு விழுந்ததுக்கு நாங்க குடுத்த விருந்துக் கூப்பனு. அதப் பாத்துக்கிட்டே ஒரு வாயி. கண்ண மூடி மெல்றாரு. இன்னொரு வாயி. "நேத்து நாட்டுக்கோழி. இன்னைக்குக் கறிதோசை"ன்னாரு. "ஏண்ணே, போயித் தின்னுட்டு வந்துர வேண்டியதுதான?"ன்னு கேட்டேன். என்னைய வெவரம் இல்லாதவனப் பாக்குற மாதிரிப் பாத்தாரு: "தின்னா ஒரு நாளு மாப்ள, வச்சிருந்தா தெனமும்."

மொய் வாசிச்சப்ப

காதுகுத்து, கல்யாண வீட்டுல மொய் வாசிக்கிற வேலையும் எனக்குத்தேன். ஒரு காதுகுத்துல கவரப் பிரிச்சா உள்ள ரூவாய்க்குப் பதிலா அந்தக் கூப்பனு. "டெய்லர் சுப்பையா, கறிதோசை விருந்து ஒண்ணேய்!"னு மைக்குல விட்டேன். பந்தலே பெருமூச்சு விட்டுச்சு. மொய்க்குக் காசு தேறலைன்னு அண்ணே மனசில்லாமத்தேன் அத வச்சாராம். அந்த வீட்டுக்காரக ஊருல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, கறி தொட முடியாது. கொஞ்ச நாளு வச்சு அழகு பாத்துட்டு ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மொய்யாச் செஞ்சுட்டாக. அங்கயும் நாந்தேன் வாசிச்சேன். கூப்பனு மூலையில மஞ்சளு, நடுவுல சந்தனம். அங்க இருந்து ஒரு வளைகாப்புக்குப் போச்சு. எவரும் திங்கல, ஆளுக்குக் கொஞ்ச நாளு கனாக் கண்டுட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டாக.

கடைசியா, வளைகாப்புக்கு மாவு குடுத்த பாண்டியம்மா அக்காவுக்குத் தாம்பூலப் பையில அந்தக் கூப்பன வச்சுக் குடுத்துட்டாக. அக்கா அதை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாக. கார்த்திகாவுக்கு ஒரே சந்தோசம், ஓட்டலுக்குள்ள அது போனதே இல்லையாம். ஆனா அக்கா கண்ணு கலங்கி நின்னாக: "தம்பி, அந்த ஓட்டலு மாடியில இருக்கு, அம்புட்டுப் படியும் இவளத் தூக்கிக்கிட்டு ஏற இந்த முதுகு தாங்குமா?"

திங்காத விருந்து

பள்ளிக்கூடம் தெறக்க ரொம்ப நாளு இல்ல. பணம் பத்தல. வேன்காரரு வேற ஆளு கேக்குதுன்னு போன் போட ஆரம்பிச்சுட்டாரு. சேகர் சாரு மொகத்தப் பாத்து நான் மைக்க அமத்திட்டேன். தங்கராசு அண்ணே கடைக்குப் போயி, சர்க்கர இல்லாத டீயக் குடிச்சுக்கிட்டு, டெய்லரு கதையும் அந்தக் கூப்பனு சுத்துன கதையும் படி கதையும் சொன்னேன்.

அண்ணே கல்லாவச் சாத்துனாரு. அப்புறம் வேட்டிய மடிச்சுக் கட்டி எந்திரிச்சாரு. ஜிகர்தண்டாக்காரரு, பரோட்டாக்காரரு, பருத்திப்பால்காரரு, அம்புட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு சாருகிட்ட வந்தாரு. எவரும் வந்து திங்காத சாப்பாட்டுக்கு ஆகுற பணத்த வச்சாக. "அப்ப அந்தக் கூப்பனெல்லாம் செல்லாதாண்ணே?"ன்னு நான் கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தாரு: "செல்லும்டா, எலையில வக்கிறேன்னு ஊருக்கே சொல்லிட்டு, திங்கலைன்னு அந்தக் காச நானா திங்க முடியும்?"

வேனு

பள்ளிக்கூடம் தெறந்த அன்னைக்கு வேன் வந்துருச்சு. பின்னாடி சறுக்குப் பலகை போட்டு, சக்கர நாற்காலியோட கார்த்திகா உள்ள போச்சு. பாண்டியம்மா அக்கா தூக்குறதுக்குக் கைய நீட்டி நீட்டிப் பாத்துட்டு, என்ன செய்யிறதுன்னு தெரியாம ரெண்டு கையையும் சேலையில தொடச்சாக. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வரயில, அக்காவையும் ஏத்திக்கிட்டு, டிரைவருகிட்டச் சொல்லி வேன நேரா காளவாசலுக்கு விட வச்சேன். மழை வர்ற மாதிரி மேகம். மாடி ஓட்டலு லைட்டெல்லாம் வானத்துல தொங்குற மாதிரி தெரிஞ்சுச்சு. கார்த்திகா சன்னல் வழியா மஞ்சளும் சந்தனமும் அப்புன கூப்பன ஆட்டிக் காட்டுச்சு. தங்கராசு அண்ணே தானே எலையத் தாம்பாளத்துல ஏந்திக்கிட்டுப் படி எறங்கி வந்தாரு.

வேனுக்குள்ள ஆவி. கண்ணாடியெல்லாம் வேர்த்துப் போயி, வெளிய ஓடுற வண்டி லைட்டு எல்லாம் செவப்பும் மஞ்சளுமாக் கரையுது. அம்மாவும் மகளும் ஒரே எலையில பிச்சுப் பிச்சுத் தின்னாக. அண்ணேயும் நானும் வேன் கதவுகிட்ட நின்னு பாத்தோம். கார்த்திகா பாதித் தோசையில நிறுத்துச்சு. எலையில இருக்குறத ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் சாணு வச்சு அளந்துச்சு. என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. "ருசியாத்தேன் இருக்கு, ஆனா நீ மைக்குல சொன்ன தோசை இதவிடப் பெருசுண்ணே."

எனக்கும் ஓரத்துல ஒரு துண்டு பிச்சுக் குடுத்துச்சு, டாக்டரம்மாவ மனசுல கும்பிட்டுட்டுத் தின்னு பாத்தேன், கத்திப் பொழைக்கிறவகளே, நம்ம வாயில வேகுற தோசை அளவுக்கு எந்தக் கல்லுலயும் வேகாது.