மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி

“உருது கீபோர்டு போதும்மா. எல்லாம் ஒரே எழுத்துதானே” என்றார் மேனேஜர். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ், பார்த்தது லெட்டர் அடிக்கிற வேலை. அந்த வருடம் ஆப்கானிஸ்தானிலிருந்து மூன்று பேர் தோல் பதனிடுவதைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒருவருக்குத் தாய்மொழி தாரி, இன்னொருவருக்கு உஸ்பெக். மூன்றாமவர் கந்தஹார்க்காரர், பஷ்தோ பேசுகிறவர். குவெட்டா அகதி முகாமில் வளர்ந்ததால் அவருக்கு உருது தெரியும். எனக்கு ஆம்பூர் கடைத்தெரு உருது வரும். அதை வைத்து ஓட்டினோம்.

கந்தஹார்க்காரர் வந்ததே ஒரு காரணத்துக்காக. அவர் அண்ணன் ஊரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை செய்தவர். ஆசிட் வாளியில் தண்ணீரை ஊற்றிவிட்டார். அது பொங்கித் தெறித்து இடது கண் போய்விட்டது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் இங்கிலீஷில் ஒரு பலகை மட்டும் இருந்ததாம்.

“அச்சில இருக்கிறதைத்தான் ஆளுங்க மதிக்கிறாங்க, பாஜி. கையால எழுதி ஒட்டினா யாரோ கிறுக்கினதுன்னு போயிடுவாங்க” என்றார் அவர். உருதுவில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை பாஜி என்றுதான் கூப்பிடுவார். ஊருக்குத் திரும்பும்போது அந்த எச்சரிக்கையை மூன்று மொழியிலும் அச்சில் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

மேனேஜர் அதைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் உருது டிடிபி கடைக்குக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் மேல் தப்பில்லை. பஷ்தோவில் உள்ள, ஆனால் உருதுவில் இல்லாத எழுத்து வந்த இடத்தில் எல்லாம், பார்க்க எது கிட்டத்தில் இருந்ததோ அதைப் போட்டுவிட்டார். பஷ்தோவில் ‘நன்றாக’ என்ற சொல்லுக்கும் ‘என்ன’ என்ற சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. அவர் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருந்தார். ‘நன்றாகக் கலக்கவும்’ என்ற வரி ‘இன்னா கலக்கவும்’ என்று நின்றது. கந்தஹார்க்காரர் அதைப் படித்துக் காட்டியபோது மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் தாளை எடுத்துக்கொண்டு, மூவரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் ‘நன்றாக’வில் விட்டுப்போன அந்த முதல் எழுத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டார். உருதுவின் ‘ஸீன்’ என்ற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. கந்தஹார்க்காரர் அதை ‘ஷ’ என்றார். பஷ்தோ பேசும் ஜலாலாபாத்தில் பள்ளிக்கூடம் படித்த தாரிக்காரரோ தொண்டையிலிருந்து ‘க’ மாதிரி ஒன்றை எடுத்தார்.

“பாத்தியா, அவங்களுக்கே ஒரே மாதிரி சொல்ல வரல. அந்த எழுத்து எதுக்கு? அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு.”

அவர் மேஜையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்த வாழைப்பழம் இருந்தது. எனக்கு அதுவே போதும்.

“சார், இது இன்னா?”

“வாயப்பயம்.”

“எழுதும்போது எப்படி எழுதுவீங்க?”

அவர் பழத்தை ஓரமாக நகர்த்தினார்.

“மதுரைப் பக்கம் வாளப்பளம்ன்றான். நாம வாயப்பயம்ன்றோம். அதுக்காக ழ-வ யாராவது புடுங்கிக்கினு போனா சும்மா இருப்பீங்களா சார்?”

“உனக்கு வாய் ஜாஸ்தி” என்றார். ஆனால் ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிடி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் விசைப்பலகை என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கும். யாரும் திறக்கலாம், திருத்தலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உருது அதில் இருந்தது. இந்த மூன்றும் இல்லை.

மூன்று வாரம், சாப்பாட்டு வேளை முழுக்க அதே வேலை. ஷூவுக்கு ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரில் எழுதாதவற்றை வாங்கிவந்து, விசைகளின் மேல் ஒட்டி, அவர்கள் கையாலேயே எழுத்தை எழுதவைத்தேன். எந்த எழுத்து எங்கே என்று மூவருக்கும் தினமும் சண்டை. ஒருநாள் உஸ்பெக்காரர் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமலே எழுந்து போய்விட்டார். மறுநாள் அவரே ஒரு தாளில் தன் எழுத்துகளை அழகாக வரிசைப்படுத்திக் கொண்டுவந்தார்.

பஷ்தோ தாள் தப்பில்லாமல் வந்த அன்றைக்கே வேலை முடிந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு இன்னொரு எச்சரிக்கை எழுத அவர்கள் ஆம்பூருக்கா வரமுடியும்? அவர்கள் ஊர் கம்ப்யூட்டரிலும் அது வரவேண்டும் என்றால், லினக்ஸ் செய்கிறவர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கோப்புகளையும் அவர்களுடைய மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். அங்கே ஒருவர் இரண்டு கேள்வி கேட்டார். உஸ்பெக்கைத்தான் இப்போது ரோமன் எழுத்தில் எழுதுகிறார்களே, இது எதற்கு? மற்ற இரண்டையும் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்?

முதல் கேள்விக்கு உஸ்பெக்காரரையே பதில் சொல்லச் சொன்னேன். “அது எங்க நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்” என்றார். அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். இரண்டாவதற்கு நானே எழுதினேன்: “எனக்குத் தெரிந்து ஒருவர். அவருடைய அண்ணனுக்கு ஒரு கண் இல்லை. காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.” வாழைப்பழக் கதையையும் விடவில்லை. நான்கு முறை திருத்தச் சொன்னார்கள், நான்கு முறையும் திருத்தினேன். மூவரும் ஊருக்கு விமானம் ஏறிய பிறகுதான், சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது.

பஷ்தோ கோப்பில் அந்த எழுத்து வரும் வரிக்குப் பக்கத்தில் குறிப்பாக ‘வாயப்பயம்’ என்று தமிழில் எழுதிவைத்திருந்தேன். அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். போகட்டும்.

சில மாதம் கழித்து கந்தஹாரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. படத்தில் ஒரு சுவர், சுவரில் பலகை. பலகையின் முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் நிற்க, தாடிக்காரர் ஒருவர் வரிகளின் மேல் விரல் வைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கண் மூடியிருந்தது.

படத்துக்குக் கீழே பஷ்தோவில் ஒரே ஒரு சொல். தன் ஊர் கம்ப்யூட்டரில் கந்தஹார்க்காரரே தட்டியது. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. நன்றாக.

அதை ஒரு தாளில் பெரிதாக அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

“இன்னாமா இது?” என்றார்.

“அது இன்னா இல்ல சார்” என்றேன். “நல்லா.”