வாரிசுக்குள் வாரிசு

காரியாபட்டி தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது செல்வராணியின் மகள் அழைத்தாள். “மாமா, அம்மா போயிட்டாக.” வாரம் இரண்டு தடவை மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்த உடம்பு, எதிர்பார்த்ததுதான். இருந்தும் பாளையம்பட்டியில் இறங்க மறந்து அருப்புக்கோட்டை வரை போய்விட்டேன்.

நம் ஆபீசில் முன்பு வேலை பார்த்த உங்களுக்கு அவள் வாய் தெரியும். பக்கத்து நாற்காலியில் எட்டு வருஷம் அதனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அரசின் நில எடுப்புக்காக வாரிசுப் பட்டியல்களைக் கம்ப்யூட்டர் படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக மாற்றும் வேலை வந்தது. எதற்குள் எது வரலாம் என்று சொல்லும் ஸ்கீமாவை நான்தான் எழுதினேன். மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று மூன்று படியோடு மூடிவிட்டேன். செல்வராணி திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்ணே, சாவு மூணு தலைமுறையோட நின்னுக்கிருமா? வாரிசுக்குள்ள வாரிசுன்னு ஒரு தடவை எழுதுங்க. எத்தனை படின்னாலும் அதுவே திரும்பத் திரும்ப வந்துக்கிரும்.”

“எங்கதாம்மா நிக்கும்? சுத்திக்கிட்டே கெடந்து ஹேங் ஆயிரும்.”

“செத்தவுகளுக்குள்ள போகணும், உயிரோட இருக்கவுககிட்ட நிக்கணும். அம்புட்டுத்தான்.”

நான் கேட்கவில்லை. பயம் பாதி, வீம்பு பாதி.

நம் பக்கம் மானாவாரிக் காட்டுக்கு யார் ஒழுங்காகப் பட்டா மாற்றினார்கள்? திருச்சுழிப் பக்கம் அவள் குடும்பக் காடு, அவள் தாத்தாவுக்குத் தாத்தா பேரிலேயே கிடந்தது. அதுவும் எடுப்பில் வந்தது. விசாரணையன்று அதிகாரிகள் ஊரில் வைத்து நாங்கள் தந்த பட்டியலை வாசித்தார்கள். சித்தப்பா பேர் வந்தது. அவள் அப்பா பேர் வந்தது, இறந்துவிட்டார் என்ற குறிப்போடு. அத்தோடு அந்தக் கிளை முடிந்தது. செல்வராணி நான்காம் படி. என் ஸ்கீமாவில் அவளுக்கு இடமே இல்லை. தன் வீட்டை நினைத்துத்தான் அன்று அப்படிக் கேட்டிருக்கிறாள், பாவி எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நா இல்லவே இல்லையாம்ணே.” அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றே ஸ்கீமாவை அவள் சொன்னபடி மாற்றினோம். ஆனால் ஏற்கெனவே போய்விட்ட பட்டியலைத் திருத்த மனுவுக்குமேல் மனு. மருந்துப் பையோடு போய் வரிசையில் நின்றாள். “எம்பேர ஒருக்கா வாசிக்கக் கேட்டாப் போதும்ணே” என்பாள்.

அவள் காரியம் முடிந்த மறுவாரம் திருத்த அனுமதி வந்தது. அவளுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது ‘வாரிசுக்குள்ள வாரிசு’ என்று அவள் சொன்ன அந்த ஒற்றை வரிதான். அதன்படிதான் அவள் பேரை நானே தட்டினேன். ‘உயிரோடு உள்ளாரா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். போன மாதம் என்றால், கோப்பைப் படிபடியாகப் படித்துப் போகும் பார்சர் அவளிடம் வந்து நின்றிருக்கும். இப்போது நிற்கவில்லை. அவளுக்குள் போய், அவள் மகளிடம் நின்றது.