காலின் வீட்டு வெடைக்கோழிகள்

மேரிபரோ ஊரில் முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியவர் காலின் பெங்கிலி. அத்தனை வருஷத்தில் தன் வண்டி ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை என்று அவரே சொல்லுவார். ஓடிவந்தும் அவர் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்களும் அதையேதான் சொல்லுவார்கள், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓய்வு பெற்ற பிறகு, கெட்டில் கொதிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அடுக்களையில் நின்று கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார். மனைவி நோலீன் ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள், பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத மூன்று வெடைக்கோழிகளை வாங்கிவந்து கொல்லையில் விட்டார். பெரில், மேவிஸ், ஐவி என்று பெயரும் வைத்தார்.

"இருவது வாரம் ஆனா முட்டை போடும்," என்று பண்ணைக்காரர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். காலினுக்கு அது கால அட்டவணை. கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய்க்கிழமை என்று வந்தது. நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

அந்தச் செவ்வாயன்று விடிந்ததும் விடியாததுமாகக் கையில் கிண்ணத்தோடு கூண்டுக்குப் போனார். வைக்கோல் பெட்டியில் வைக்கோல்தான் இருந்தது. கோழிகள் மூன்றும் வேலியோரச் சௌசௌ கொடிக்குக் கீழே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் வாத்து வளர்க்கும் டல்சி தலையை நீட்டினார்.

"என்ன காலின், வண்டி லேட்டா?"

"வரும்."

"நீ குறிச்ச நேரம் அதுங்களுக்குத் தெரியுமாப்பா? கூண்டுல எழுதி ஒட்டினியா?"

காலின் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெட்டியை நிழலுக்கு மாற்றினார். உருண்டையாக ஒன்றைப் பார்த்தால் கோழிக்குப் புத்தி வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கோல்ஃப் பந்தைக் கொண்டுபோய் வைத்தார். பெரில் அதை ஒரு பகல் முழுக்கக் கொத்திப் பார்த்துவிட்டு வெளியே உருட்டிவிட்டது. மூன்று வாரம் போயிற்று. காலினுக்குச் சோர்வு தட்டியது. ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார்.

நோலீனுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் காலை, அவருக்கு முன்னால் எழுந்து, ஃபிரிட்ஜில் இருந்த கடைமுட்டை ஒன்றை வைக்கோலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொண்டார்.

"நோலீன்! பெரில் போட்டுட்டா!" என்று கொல்லையில் குரல் கேட்டது. வெறுங்காலோடு, முட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, காலின் நேரே வேலிக்குத்தான் ஓடினார். டல்சி நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல முட்டை. உன் கோழி படிச்ச கோழி போலிருக்கு. கடைமுட்டையில இருக்கிற மாதிரியே நம்பரும் அடிச்சுல்ல போட்டிருக்கு!"

ஓட்டின்மேல் ஊதா மையில் நாலு இலக்கம். காலின் உள்ளே வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். அட்டைப்பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது. அதில் முட்டையை வைத்து மூடினார்.

"நீ சரியாச் சாப்பிடலையே, அதான்..." என்றார் நோலீன்.

"நான் சாப்பிடாததுக்கு நீ முட்டை போடுவியா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. நோலீன் முந்தானை இல்லாத குறைக்கு மேஜைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். காலின் இரண்டு நாள் பேசவில்லை. உப்பு மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் தீவனம் வைக்கக் குனிந்தபோது, ஐவி அவர் காலடியில் பொத்தென்று குந்தியது. இறக்கையைப் பாதி விரித்து, உடம்பைத் தரையோடு ஒட்டி நடுங்கியது. தொட்டால் இன்னும் பதுங்கியது. காலினுக்கு உயிரே போய்விட்டது.

"நோலீன், ஐவிக்குக் கால் விழுந்துடுச்சு! வண்டிய எடு!"

கோபம் எங்கே போயிற்றோ! அட்டைப்பெட்டியில் ஐவியை வைத்து, கால்நடை மருத்துவர் ஃபெலிசிட்டியிடம் கொண்டுபோனார்கள். ஃபெலிசிட்டி முதுகில் கைவைத்தார். ஐவி மறுபடியும் குந்தியது. மருத்துவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"காலின், இவளுக்கு ஒண்ணுமில்ல. சேவல் பக்கத்துல வந்தா பெட்டை இப்படித்தான் குந்தும்."

"எங்க வீட்ல சேவலே கிடையாதே!"

"அதான்... நீங்கதான் சேவல்னு முடிவு பண்ணிட்டா."

நோலீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷமாக் கூட இருக்கேன், எனக்குத் தோணலையே!"

"குந்த ஆரம்பிச்சுட்டா பருவம் வந்தாச்சுன்னு அர்த்தம். இன்னிக்கோ நாளைக்கோ முட்டை போட்டுடுவா, கூட்டிட்டுப் போங்க," என்றார் ஃபெலிசிட்டி.

திரும்பும் வழியில் காலின் ஓட்ட, பெட்டி நோலீன் மடியில் இருந்தது. கடைத்தெருவில் ஐவி, முட்டையிட இடம் தேடும் கோழிபோலக் கேற ஆரம்பித்தது. பெட்டிக்குள் சுற்றிச்சுற்றி வந்தது.

"நிறுத்து!" என்றார் நோலீன்.

"இங்கயா? இது பஸ் ஸ்டாப்பு!"

"வண்டி குலுங்குது, பயப்படுறா. நிறுத்துன்னா நிறுத்து!"

பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்துகிறவர்களை முப்பத்து நான்கு வருஷம் வாய்க்கு வந்தபடி ஏசிய மனிதர் நிறுத்தினார். பின்னாலேயே பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டிவந்த டிரெவர் பழைய சகா.

"காலின்! உனக்கே இது நியாயமா?"

"ஐவி முட்டை போடுறா!"

"யாருப்பா ஐவி?"

பயணிகள் இறங்கிவந்து கார் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாள் எல்லாரையும் "உஷ்!" என்று அடக்கினார். ஐவி எழுந்து சிலிர்த்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி கொக்கரித்தது. காலடியில் புறா முட்டையளவு ஒன்று, ரத்தக்கோடு ஓடியபடி, சுடச்சுடக் கிடந்தது. கூட்டம் கைதட்டியது.

டிரெவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் லேட்டு. டெப்போல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லு," என்றார் காலின். கண்ணைத் துடைத்துக்கொண்டது தூசியால் என்று பிற்பாடு சாதித்தார்.

முட்டையைச் சமைக்க அவர் லேசில் சம்மதிக்கவில்லை. மூன்று நாள் ஃபிரிட்ஜ் கதவைப் பூப்போலச் சாத்த வேண்டியிருந்தது. நாலாம் நாள் நோலீன் கேட்காமலே வெண்ணெயில் பொரித்து ரொட்டித்துண்டின்மேல் வைத்துத் தந்தார். காலின் மெதுவாக, மிக மெதுவாக மென்றார்.

"எப்படி இருக்கு?"

நீண்ட நேரம் யோசித்தார். "முட்டை மாதிரிதான் இருக்கு," என்றார்.

பிறகு தட்டில் ஒட்டியிருந்த மஞ்சளை, ரொட்டி ஓரத்தால், சுத்தமாகத் துடைத்துச் சாப்பிட்டார்.