நெருஞ்சியின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

தின்னர் வாசனை. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். அது மூக்கில் ஏறியதுமே அரபு நாட்டில் நான் வேலை பார்த்த சோஹாரின் வெள்ளிக்கிழமை விடுமுறைக் காலை ஒன்று, அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் சைட்டின் ஃபிட்டர் அண்ணன் தின்னர் நனைத்த துணியால் விரல் விரலாகத் துடைக்கிறார். ஆறு நாள் கிரீஸ். "பூவுல கறை படக்கூடாதுல்ல சார்."

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. மழை வந்துபோன வாரங்கள். கேம்ப் வேலிக்கு வெளியே, சரளைக்கல்லுக்கு நடுவே நெருஞ்சி மஞ்சள் மஞ்சளாக விரிந்து கிடந்தது. சைட் இன்ஜினீயரான நான், புதிதாக வாங்கிய ஸ்மார்ட்போனோடு அதன்மேல் கவிழ்ந்து கிடப்பேன். கடல்காற்று பூவை ஒரு நொடி நிற்க விடாது. அண்ணன்தான் காம்பை இரண்டு விரலால் பிடித்து, மறுகையால் காற்றை மறைப்பார். கிட்டத்தில் வைத்து எடுப்பதற்கான பொத்தானை அழுத்தினால் திரையில் குட்டிப் பூ ஒன்று தோன்றும். முதல்முறை பார்த்துச் சிரித்தார். "பூவுக்குன்னே தனிப் பொத்தானா! மனுசனுக்கு இருக்குதா சார்?" இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை.

இதழின் நரம்பு, மகரந்தத்தில் புரண்ட எறும்பு, ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். ஸ்பானர் நசுக்கிக் கறுத்துப்போன நகம். ரூமுக்கு வந்ததும் படத்திலிருந்து அந்த விரலை வெட்டிவிட்டுத்தான் நண்பர்களுக்கு அனுப்புவேன். எப்படி அசையாமல் எடுத்தாய் என்று கேட்டார்கள். எனக்குக் கை நடுங்காது என்று எழுதினேன். அப்படியேதான் எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மண்ணில் அட்டை விரித்து, அதன்மேல் முழங்கால் ஊன்றினார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பொண்ணுதான் சார் என்னையப் பாக்கணும். நான் இங்க வந்தப்புறம் பொறந்தவ, மூணு வயசாவுது. போன்ல கொரலு மட்டுந்தான் தெரியும். ஒரு படம் எடுத்து எங்கூரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பி விடுங்க. வீட்ல போய்க் காட்டிக்குவாங்க."

முதலில் பூ என்றேன். ஒரே பூவை முப்பது தடவை எடுத்தேன். அவர் எழுந்து காலரைச் சரிசெய்து நின்றபோது மெமரி நிறைந்துவிட்டது. ஒன்றை அழித்திருந்தால் போதும். முப்பதில் ஒன்று. மனசு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம் எடுக்கிறேன் அண்ணே என்றேன்.

செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து திரும்பியபோது அவர்கள் கேங்கை வேறு சைட்டுக்கு பஸ் ஏற்றியிருந்தார்கள். எந்த ஊர் சைட் என்று கேம்பில் யாருக்கும் தெரியவில்லை. அவர் போன் அணைந்தே கிடந்தது. பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

வெட்டாத படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இப்போது பெரிதாக்கிப் பார்ப்பது பூவை அல்ல. அந்தக் கட்டைவிரலின் ஒவ்வொரு ரேகையும் தெரிகிறது. அதற்கு மேலே முகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது தாண்டியிருக்கும்.

தின்னர் வாசனை போகட்டும் என்று ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போலவே அவர் அட்டையை உதறி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோபமே இல்லாமல், சொல்லிவிட்டுப் போகிறார்:

"அப்ப சட்டைய அழுக்காக்காம மடிச்சு வச்சிடறேன் சார்."