பக்கத்து சீட்டில் இருந்து காதலித்த கதை

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களின் வலது கால் எங்கே போனாலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். தூத்துக்குடியில் இந்தத் தொழில் பார்க்கும் சில பெண்களில் நானும் ஒருத்தி. கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடுகிறவர்களை நான் சமாளித்துவிடுவேன். நான் திண்டாடியது நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரிடம்தான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிற ஆளைக் காதலித்து நொந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் உள்ள மாணவர்

அருள் முதல் நாள் வந்தபோதே கையில் லைசென்ஸ் இருந்தது. எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் பெரியதாழை, துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. வீட்டில் கார் சும்மா நிற்கிறது, இவர் பஸ்ஸில் வந்து போகிறார். ஓட்டி நாளானவர்கள் பயம் தெளிய வருவது உண்டு. அப்படித்தான் நினைத்து உட்காரவைத்தேன். திருச்செந்தூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஓனரைவிட நன்றாக ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க என்று கேட்டேன். அவர் என் காலடியைப் பார்த்தார்.

"ஓட்டத் தெரியும் மேடம். பக்கத்துல இன்னொரு பிரேக் இருந்தாத்தான் ஓட்ட முடியுது."

டீக்கடை அக்கா

அடுத்த வாரம், முத்தையாபுரம் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டி தட்டென்று ஏறி இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும், "யாரு மேலயும் ஏத்திட்டேனா மேடம்?" என்றார். அது வேகத்தடை என்றேன். சரி என்றவர், அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார். இறங்கி ரோட்டைப் பார்த்தார், ஓரத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார், குனிந்து டயரைப் பார்த்தார். திருப்தியாக ஏறி உட்கார்ந்தார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், அடிபட்ட ஆளை நாம் வருவதற்குள் யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் திரும்பினோம். இந்தத் தடவை எதிரே டீக்கடை போட்டிருந்த அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவரோடு சேர்ந்து குனிந்து தேட ஆரம்பித்தார்.

"இங்கன ஒண்ணும் கெடக்கலயே தம்பி. என்னத்தத் தொலைச்சிய?"

அண்ணாச்சியின் சர்டிபிகேட்

ஓனர் அண்ணாச்சிக்கு அருளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வகுப்புகள் முடிந்தும் வந்துகொண்டே இருக்கிற மாணவரை யாருக்குத்தான் பிடிக்காது? மற்றவர்களுக்கு அவரை உதாரணம் காட்டுவார். ஜாக்கிரதை வேறு, இது வேறு என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. ஜாக்கிரதையான ஆள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார், அருள் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினார். வீட்டுக்குப் போனபிறகும், அன்றைக்கு வந்த ரோட்டில் விபத்து என்று ஏதாவது செய்தி இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருப்பார். "ஒண்ணும் நடக்கலன்னு எனக்கே தெரியுது ஸ்டெல்லா. தெரிஞ்சும் மனசு போய்ப் பாருங்குது" என்று ஒருநாள் சொன்னார். மேடம் போய் ஸ்டெல்லா வந்ததைக் கவனித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இவருக்கு வேண்டியது நானா, என் காலடியில் இருக்கிற பிரேக்கா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

"ஏலே, பாத்துக்கிடுங்கலே. இவர மாதிரி பத்துப் பேரு இருந்தா ஊருல ஆக்சிடெண்டே நடக்காது."

மணப்பாட்டுக்குப் போகாத கதை

ஒரு சனிக்கிழமை மணப்பாடு கடற்கரைக்குக் கிளம்பினோம், அவருடைய காரில். அதில் என் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் நானாகவே ஒரு ஏற்பாடு செய்தேன். பின்னால் திரும்பி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொல்ல வேண்டியது. முதலில் ஒரு தடவை சொன்னால் போதுமாக இருந்தது. போகப் போக ஒரே குலுங்கலுக்கு நாலைந்து தடவை கேட்டார். திருச்செந்தூரோடு திரும்பிவிட்டோம். எனக்குக் கோபம் தாங்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டினார். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் பாத்திமா வகுப்புக்கு வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, புருஷன் துபாயில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகக் கார் பழகுகிறாள். பாதி வழியில் வண்டியை அழகாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் முன்னால பாத்துத்தான் ஓட்டுதேன் மேடம். நீங்க ஏன் பின்னாலயே பாத்துக்கிட்டு வாறிய?"

டாக்டர் தந்த வார்த்தை

திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தோம். ஓ.சி.டி., ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கிற நோய் என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார், பயிற்சியும் கொடுத்தார். ஓட்ட வேண்டும், சந்தேகம் வந்தால் திரும்பிப் போகக் கூடாது, பயம் தானாக அடங்குகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நீங்கள் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி அந்த பயத்துக்குத் தீனி போடுகிறீர்கள், இனிமேல் அவர் கேட்டால் "தெரியாது" என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று சொல்லியே பிழைக்கிற என்னிடம் சொல்கிற பேச்சா இது!

வீட்டிலும் விஷயத்தைச் சொன்னேன், கட்டினால் அருளைத்தான் கட்டுவேன் என்றும் சொன்னேன். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். சொன்ன நேரத்துக்கு கன்டெய்னர் உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அருள் தானே கார் ஓட்டிக்கொண்டு நாலு மணிக்கு வந்தால் பேசலாம், வராவிட்டால் மஸ்கட்டுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றார் அப்பா.

"போன ரோட்டுக்கே திரும்பித் திரும்பிப் போறவன், கட்டிக்கிட்டுப் போன புள்ளையையும் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாம்ளா."

ஞாயிறு, நாலு மணி

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்தாகிவிட்டது. மூன்றரைக்குப் போன் வந்தது. அருள்தான். பழையகாயல் தாண்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறார். "பாலத்துக்கிட்ட ஒரு சத்தம் கேட்டுது ஸ்டெல்லா. ஒண்ணும் இருக்காதுல்லா?" என்றார். நான் ஒண்ணுமில்ல, வாங்க என்று சொன்னால் போதும், உடனே கிளம்பி நாலு மணிக்கு வாசலில் இருப்பார். "தெரியாது" என்றால் பாலத்துக்குத் திரும்பிப் போனாலும் போவார், கல்யாணமும் அதோடு போகும். ஆனால் இன்றைக்குச் சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும், எங்களுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும்போதும் சொல்ல வேண்டும்.

"எனக்குத் தெரியாது அருள்" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்னளா கொறஞ்சு போவும்?" என்று அம்மா திட்டினாள்.

நாலு ஆயிற்று, நாலரை ஆயிற்று. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மஸ்கட் வீட்டாரின் நம்பரைத் தேடத் தொடங்கினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அருள் இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. "நாலு மணின்னுல்லா சொன்னேன் தம்பி? திரும்பிப் போயிட்டியளோ?" என்று அப்பா கேட்டார்.

"போகல மாமா. போகாம நிக்கதுக்குத்தான் இம்புட்டு நேரமாச்சு."

அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் பஜ்ஜியைப் போடச் சொன்னார்.

சர்ச்சில் கல்யாணப் பூசை காலை பத்து மணிக்கு. மாப்பிள்ளையை விடிந்ததுமே கிளம்பச் சொல்லியிருக்கிறோம், வழியில் அங்கங்கே நின்று வர அவருக்கு நேரம் வேண்டுமே.