மூணு கம்ப்யூட்டர்லயும் இருந்த கொழந்தை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் பொத்துக்கினு வரும். பதினஞ்சு வருஷமா பள்ளிக்கூட ஆபீசுல அது முன்னாடிதான் குந்திக்கினு இருக்கேன். மார்க் லிஸ்ட்டு, டி.சி. எல்லாம் நான் அடிக்கிறதுதான். அப்பிடிப்பட்டவ பண்ணின வேலையச் சொல்றேன், கேளுங்க.

விழுப்புரத்துல எங்க வீடு. கீழ நாங்க, மாடியில குடித்தனம் விட்டிருக்கோம். எனக்கு ஒரு லேப்டாப், காலேஜ் படிக்கிற பொண்ணுக்கு ஒண்ணு, ஹால்ல எங்க வீட்டுக்காரரோட பழைய டெஸ்க்டாப். போட்டோவும் வீடியோவும் ஆளுக்கொரு எடத்துல கெடக்குதேன்னு அவரு ஒரு ஹார்டு டிஸ்க்க வாங்கியாந்து வைஃபை ரவுட்டர் பின்னாடி சொருகி வெச்சாரு. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். என் லேப்டாப்ல தொறந்து பார்த்தேன், எல்லாம் இருந்துது. பொண்ணு லேப்டாப்ல பார்த்தேன், அங்கயும் இருந்துது. அவரு கம்ப்யூட்டர்லயும் அதே. சரி, மூணு எடத்துல மூணு காப்பி பத்திரமா இருக்குதுன்னு நானே முடிவு பண்ணிக்கினேன். யாரையும் கேக்கல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அதுல ஒரு ஃபோல்டரு என் தங்கச்சியோடது. அவளத் திண்டிவனத்துல குடுத்திருக்கு. அவளோட மொதக் கொழந்தை, ஆம்பளப் புள்ள, பதினோரு மாசத்துல காய்ச்சல் வந்து போய்ட்டான். மூணு வருஷம் ஆவுது. பொதச்சிட்டு வந்த மூணாம் நாளு அவ மாமியாரு, "போன கொழந்தையோட படம் வீட்டுல இருந்தா அடுத்தது தங்காது"ன்னு சொல்லிட்டு, தொட்டில், கிலுகிலுப்பை, போன்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் இல்லாம பண்ணிட்டாங்க. அதுக்கு முந்தின நாளே தங்கச்சி அவ போன எங்கிட்ட குடுத்து, "எல்லாத்தையும் நீ ஏத்தி வெச்சிக்கோக்கா. நான் கேக்கறப்போ காட்டு, போதும்"னா. ஏத்தி வெச்சேன். இருவத்தி மூணு வீடியோ. ஒண்ணக்கூட நான் தொறந்து பார்த்ததில்ல. அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

போன மாசம் பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவ ஏத்தப் போனேன். எடம் இல்லன்னு செவப்புக் கோடு காட்டுச்சு. என் லேப்டாப்ல இருக்கறத மட்டும் கொஞ்சம் காலி பண்ணுவோம், மத்த ரெண்டுலயும்தான் இருக்குதேன்னு பழைய ஃபோல்டரா பார்த்துப் பார்த்து அழிச்சேன். தங்கச்சி ஃபோல்டரும் அதுல போச்சு. நெசமாவே அழிக்கட்டுமா, திரும்ப வராதுன்னு அது ஒரு தடவ கேட்டுது. என்னையே கேக்குறியான்னு ஜல்தியா 'எஸ்' அமுக்கிட்டு தோசை ஊத்தப் போய்ட்டேன்.

பத்து நாள் கழிச்சி ஒரு வெள்ளிக்கெழம தங்கச்சி போன் பண்ணா. அவ இப்ப அஞ்சு மாசம்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வர்றேன். கண்ண மூடினா அவன் மூஞ்சி வருது, சிரிக்கிற சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. எவ்ளோ யோசிச்சாலும் வரலக்கா. இது பொறக்கறதுக்குள்ள ஒரு தடவ கேட்டுட்டுப் போய்டறேன்."

வாடி, வந்து ஆசதீரக் கேளுன்னு சொல்லிட்டுப் பொண்ணு லேப்டாப்பத் தொறந்தேன். ஃபோல்டரு இல்ல. ஹாலுக்கு ஓடினேன். அங்கயும் இல்ல. ரீசைக்கிள் பின்னப் பார்த்தேன், தொடச்சி வெச்ச மாதிரி காலி. எங்க வீட்டுக்காரரு மல்லாட்டைக் கடலைய உரிச்சிக்கினு உக்காந்திருந்தாரு.

"ஏங்க, உங்க கம்ப்யூட்டர்ல இருந்த காப்பி எங்கங்க?"

"என் கம்ப்யூட்டர்ல ஏது காப்பி? எல்லாமே அந்த டிஸ்க்குல இருக்கறதுதான். டாங்க் ஒண்ணு, கொழாய்தான் மூணு. எந்தக் கொழாயத் தொறந்தாலும் அதே தண்ணிதான். ஏன், என்ன பண்ணின?"

அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டடின்னு என்னை நானே அடிச்சிக்கினேன். அந்தக் கொழந்தைய ரெண்டாவது தடவ நான்தான் பொதச்சேன். மறுநாள் அவரு டிஸ்க்கக் கழட்டிக்கினு கடைக்குப் போனாரு. மேல ஆண்டு விழா வீடியோ ஏறிப்போச்சு, அடியில இருந்தது வராதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கி சாயங்காலம் மாடி வீட்டுப் பொண்ணு எறங்கி வந்துது. இடுப்புல ரெண்டு வயசுப் பாப்பா, கையில தயிர் சோத்துக் கிண்ணம்.

"அக்கா, உங்க நெட்டுல ஏதாவது கோளாறா? பத்து நாளா டிவியில தம்பி வரமாட்டேங்கறாரு. பெரிய பேஜாரா இருக்குது, இவளுக்கு சோறே எறங்கல."

"எந்தத் தம்பி?"

"அதாங்க்கா, குண்டான்ல உக்காந்து குளிப்பாரே, மொட்டத் தம்பி."

என் தங்கச்சி அவ புள்ளையக் குண்டான்ல உக்கார வெச்சித்தான் குளிப்பாட்டுவா. எங்க தெருவுல வைஃபை பாஸ்வேர்டு குடுக்கறது கறிவேப்பிலை குடுக்கற மாதிரி. ஒண்ணரை வருஷம் முன்ன குடி வந்த அன்னைக்கே இவளுக்கும் குடுத்தேன். அந்த வைஃபைல இருக்கற எல்லாருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து தெரியும்னு நான் கண்டேனா? அவங்க டிவி தானாவே அதக் கண்டுபுடிச்சி காட்டியிருக்குது. கொழந்தைங்க பார்க்கத்தான் நான் போட்டு வெச்சிருக்கேன்னு இவ நெனச்சிக்கினா. ஒண்ணரை வருஷம்! நான் தொறக்கப் பயந்துக்கினு கெடந்தது, மூணு வேளையும் என் தலைக்கு மேல ஓடிக்கினு இருந்திருக்குது.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கேக்காம அடுத்தவங்க வீட்டுப் பொட்டியில கைய விடுவியான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. அதுக்குள்ள அவ போன எடுத்து நீட்டினா.

"முகையூர்ல எங்கம்மா வீட்டுல நெட்டு எடுக்காதுன்னு எங்க வீட்டுக்காரரு இதுல நாலு எறக்கிக் குடுத்தாரு. ஆனா இவளுக்கு அந்தக் குளிக்கிறதுதான் வேணுமாம்."

போன்ல குக்கரு விசில் அடிக்குது. தரையில குந்திக்கினு இருக்கற கொழந்தை திடுக்குனு அண்ணாந்து பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. திரும்ப விசில், திரும்ப சிரிப்பு. மூணு வருஷத்துக்கப்புறம் அந்தச் சத்தத்தக் கேட்டேன். நாலையும் அங்கயே என் போனுக்கு வாங்கிக்கினேன். ஏன்க்கா அழுவறீங்கன்னு கேட்டா. சோத்துக் கிண்ணத்தோட நிக்கிறவகிட்ட, உம் பொண்ணு தெனமும் பார்த்து சாப்புடற தம்பி உயிரோட இல்லன்னு எந்த வாயால சொல்றது? சளி புடிச்சிருக்குதுன்னுட்டேன்.

ஞாயித்துக்கெழம தங்கச்சி வந்தா. தண்ணி குடுத்த கையோட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அழிச்சது நான்தான், பத்தொம்பது போச்சு, நாலுதான் மிச்சம், அதுவும் மாடி வீட்டுப் பொண்ணு புண்ணியத்துலன்னு. திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா தேவலை. என் போன வாங்கி மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தா.

பேச்சுக் கொரல் கேட்டு மாடிப் பொண்ணு பாப்பாவோட எறங்கி வந்துட்டா. மதியச் சோத்து நேரம், கையில கிண்ணம். தங்கச்சியப் பார்த்ததும் அவ மூஞ்சி மலர்ந்துபோச்சு.

"நீங்கதான தம்பியோட அம்மா? வீடியோவுல உங்களத் தெனமும் பார்க்கறேங்க்கா! எங்க, தம்பிய இட்டுக்கினு வரலையா? இந்நேரம் நல்லா வளர்ந்திருப்பாரே, ஸ்கூல் போறாரா?"

எழுந்து அவ வாயப் பொத்தலாமான்னு பார்த்தேன். தங்கச்சி அவளப் பார்த்தா, பாப்பாவப் பார்த்தா. ஒரு கை தானா அவ வயித்து மேல போச்சு.

"போறான்மா. எல்கேஜி"ன்னா. "கூப்புட்டேன், வரமாட்டேன்னுட்டான்."

அப்புறம் கைய நீட்டி, "கிண்ணத்தக் குடு, இன்னைக்கி நான் ஊட்டறேன்"னா. பாப்பாவ எதிர்ல உக்கார வெச்சிக்கினு போன சுவத்துல சாச்சி வெச்சி வீடியோவப் போட்டா. குக்கரு விசில் அடிச்சிது. அவன் சிரிச்சான். பாப்பா வாயத் தொறந்துது, என் தங்கச்சி ஒரு வாய் ஊட்டினா.